கையைக் கட்டு, வாயைத் திற

உட்காருங்கள் தம்பி. அந்த நாற்காலி வேண்டாம், அதற்கு ஒரு கால் ஆட்டம். இதில் உட்காருங்கள். காலணியை வெளியே விட்டுவிட்டீர்கள் அல்லவா? நல்லது. போன மாதம் உங்கள் அலுவலகத்திலிருந்து ஒருவர் வந்தார். காலணியோடு நடுக்கூடம் வரைக்கும் வந்து நின்றார். "வெளியே போய், கழற்றிவிட்டு, மறுபடி உள்ளே வாருங்கள்" என்றேன். வெளியே போனார். மறுபடி வரவே இல்லை. அதனால்தான் இன்று உங்களை அனுப்பியிருக்கிறார்கள் போலும். பெயர் என்ன? பரமகுரு. நல்ல பெயர். வாய் நிறையச் சொன்னீர்கள், அது அதைவிட நல்லது. இந்தக் காலத்தில் பெயரைக் கேட்டால் இரண்டெழுத்தை முனகிவிட்டு நிறுத்திக்கொள்கிறார்கள்.

கோளாறு என்னவென்றுதானே கேட்கிறீர்கள்? சொல்கிறேன். இந்தக் கணினியிலிருந்து இணையத்தைக் காற்றுவழியே பிறருக்குப் பகிர்ந்து கொடுக்கிறேன். நாள்தோறும் மாலை ஆறு மணிக்கு இயக்குவேன். ஏழு மணிக்கு நிறுத்துவேன். இப்போது இரண்டு மாதமாக, ஆறு மணிக்கு இயக்கினால் ஆறு ஐந்துக்கு அது தானாகவே அணைந்துவிடுகிறது. மறுபடி இயக்குகிறேன். மறுபடி அணைகிறது. யார் சொல்லி அணைகிறது? நான் சொல்லவில்லை. என் வீட்டில் நான் சொல்லாமல் ஒரு மின்விசிறிகூட நின்றதில்லை.

இப்போதே இயக்கிப் பார்க்கவா என்கிறீர்கள். கூடாது. ஆறு என்றால் ஆறு. முப்பத்தாறு ஆண்டுகள் மணியடித்துப் பள்ளி நடத்தியவள் நான். இன்னும் முக்கால் மணி நேரம்தானே? கம்பியைச் சோதித்துக்கொண்டிருங்கள். நான் சொல்வதைக் காதில் போட்டுக்கொண்டே சோதியுங்கள். கோளாறு எங்கிருந்து தொடங்கியது என்று தெரிந்தால்தானே சரிசெய்ய முடியும்?

இணையம் வரும் பெட்டி இருக்கும்போது கணினி எதற்கு என்றால், இந்தப் பெட்டி போன ஐப்பசிக்கு முந்தின ஐப்பசி இடியில் பாதி செத்துவிட்டது. கம்பி வழியாகக் கொடுக்கும், காற்று வழியாகக் கொடுக்காது. வேறு வாங்கலாம் என்றான் என் மகன். பாதி உயிரோடு இருப்பதை எதற்குத் தூக்கி எறிவது என்றேன். அதன்பிறகு அவனே ஆஸ்திரேலியாவிலிருந்தபடி இந்தக் கணினிக்குள் புகுந்து எதையோ மாற்றி, "அம்மா, இந்தப் பட்டனைத் தட்டுங்க, கம்ப்யூட்டரே சுத்தி இருக்கிற ஃபோனுக்கெல்லாம் நெட் குடுக்கும். ஹாட்ஸ்பாட்" என்றான். நான் பகிர்வு என்கிறேன். அதுதான் அவன் கடைசியாக வாயால் எனக்குச் சொல்லிக்கொடுத்த பாடம். இப்போதெல்லாம் நான் எது எழுதினாலும் கட்டைவிரல் படம் ஒன்றை அனுப்புகிறான். வேலை மிகுதி. சிறு வயதில் அவனுக்கு ழகரம் வராது. அடிக்குச்சியால் திருத்தினேன். இன்றைக்கு அவனைப்போல் ழகரம் உச்சரிக்க இந்த மாவட்டத்தில் ஆள் கிடையாது. பேசினால்தானே தெரியும் என்கிறீர்களா? நீங்கள் சொல்லவில்லை, சரி. சொல்வதுபோல் பார்த்தீர்கள்.

இந்தத் தெருவில் கைபேசி எடுக்காது. வரும்போதே பார்த்திருப்பீர்களே, வீட்டுக் கொல்லையில் எழுந்து நிற்கிறது பாறை. கைபேசிக் கோபுரமோ மலைக்கு அந்தப் பக்கம். என் மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியின்மேல் ஏறி நின்றால் ஒரே ஒரு கோடு காட்டும். குறுஞ்செய்தி வந்து விழும். படம் வராது. முகம் பார்த்துப் பேச வேண்டுமென்றால் பேருந்து நிலையம் வரைக்கும் நடக்க வேண்டும், இல்லையென்றால் என்னிடம் வர வேண்டும்.

அவள் என்னிடம்தான் வந்தாள்.

செண்பகவடிவு என்று பெயர். வடிவு என்று கூப்பிடுவார்களாம். கூப்பிட்டு என்ன, அவளுக்குக் கேட்கவா போகிறது? பிறவியிலேயே காது கேளாது, வாய் பேசாது. புருஷன் பூவலிங்கமும் அப்படியே. அவன் திருப்பூரில் பனியன் துணி வெட்டும் வேலை. இவள் இங்கே பள்ளிச் சீருடை தைத்துக் கொடுப்பவள். பங்குனியில் மாடிக்குக் குடிவந்தார்கள். கொடுக்கலாமா என்று நான் யோசித்தேன். வாயில்லாதவர்கள், சண்டை சச்சரவு இருக்காது, அமைதியாக இருப்பார்கள் என்று நினைத்துக் கொடுத்தேன். அமைதியா! தம்பி, காது கேட்காதவர்கள் போடும் சத்தத்தைக் காது கேட்கிறவர்களால் போட முடியாது. நாற்காலியைத் தரதரவென்று இழுப்பாள். கதவைப் படாரென்று சாத்துவாள். தையல் இயந்திரம் தலைக்குமேல் ரயில் ஓடுவதுபோல ஓடும். மேலே போய்க் கத்தினால் முதுகைக் காட்டிக்கொண்டு தைத்துக்கொண்டிருப்பாள்.

அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தேன். மாடிக்கு உண்டான மெயின் சுவிட்ச் என் வீட்டுக்குள் இருக்கிறது. அதை அணைத்தால் மேலே விளக்கு, விசிறி எல்லாம் நின்றுபோகும். நின்றால் அவள் இறங்கி வருவாள். மணியடித்தால் பிள்ளைகள் வருவதுபோல. நாளுக்கு நான்கு முறை அணைப்பேன். ஆடி மாதப் புழுக்கத்தில் ஐந்தாறுகூட ஆகியிருக்கும்.

குடிவந்த மறுநாளே ஒரு தாளில் எழுதிக்கொண்டு வந்தாள். அவள் கணவனிடம் தினமும் பேச வேண்டுமாம், இணையம் வேண்டுமாம். பேசவா என்று எனக்குச் சிரிப்பு வந்தது. சரி, ஆறிலிருந்து ஏழு வரைக்கும் என்று விரலால் காட்டினேன். அவளுடைய கைபேசியை வாங்கி, திரும்பி நின்றுகொண்டு கடவுச்சொல்லை நானே அடித்துக் கொடுத்தேன். வாரம் ஒருமுறை அதை மாற்றிவிடுவேன். சொல்லிக் கொடுத்துவிட்டால் மதிப்பு இருக்காது.

இதோ, திரையில் இந்த வரியைப் பாருங்கள். இணைந்துள்ளவர்கள் எத்தனை பேர் என்று காட்டும். எட்டுப் பேர் சேரலாமாம். சேர்ந்தவரின் கைபேசிப் பெயர் கீழே வந்து விழும். அவளுடையது 'வடிவு பூவு' என்று விழும். எனக்கு அது பிடித்துப்போயிற்று. ஓய்வு பெற்றுப் பதினான்கு ஆண்டுகளுக்குப் பிறகு மறுபடி ஒரு வருகைப் பதிவேடு. நோட்டுப் போட்டேன். ஆறு மணி, வடிவு, வந்தாள். ஒரு கோடு. ஏழு மணி, போனாள். ஒரு கோடு.

மாடிக்குப் பகிர்வு சரியாக எட்டாது. படிக்கட்டின் நடுவில் உட்கார்ந்துதான் பேசுவாள். இந்த இடத்திலிருந்து பார்த்தால் தெரியும். கைபேசியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துவிட்டு இரண்டு கையையும் வீசுவாள். அவனும் அங்கே வீசுவான். கொசு விரட்டுவதுபோல இருக்கும். விரலை மடக்குவது, கன்னத்தைத் தொடுவது, நெஞ்சில் தட்டுவது, மூக்கைச் சுருக்குவது. ஒரு நாள் அவன் ஏதோ செய்து காட்டினான். இவள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள். சிரிப்புக்கு மட்டும் சத்தம் வருகிறது, கவனித்தீர்களா? சிரிக்கிற தொண்டைக்குப் பேச எப்படி வராமல் போகும்? அன்றைக்குத்தான் எனக்குத் தோன்றியது. இவர்களுக்கு வராமல் இல்லை. யாரும் கேட்டு வாங்கவில்லை.

நான் வாங்குவது என்று முடிவு செய்தேன்.

ஒரே ஒரு சொல். அம்மா. கன்றுக்குட்டிக்குக்கூட வரும் சொல். உதட்டைச் சேர்த்துப் பிரித்தால் போதும். நாள்தோறும் ஆறு மணிக்கு இறங்கி வந்து என் முகத்தைப் பார்த்து 'அம்மா' என்று சொல்ல வேண்டும். சொன்னால் பகிர்வு. சொல்லாவிட்டால் இல்லை. எழுதிக் காட்டினேன். படித்தாள். பிறகு கையால் ஏதோ சொல்ல வந்தாள்.

"கையைக் கட்டு, வாயைத் திற" என்றேன். நானே கட்டிக் காட்டினேன். பார்த்துக் கட்டிக்கொண்டாள். அதில் ஒன்றும் குறை சொல்ல முடியாது, நல்ல பணிவு. கை அவிழ்ந்து கிடக்கும்வரை நாக்கு சோம்பிக் கிடக்கும் தம்பி. அதுதான் முறை. அடிக்குச்சியை அவள் தொண்டைக்குழியில் வைத்து, இங்கிருந்து வரட்டும் என்பேன். என் கையை எடுத்து அவள் வாய்க்கு முன்னால் வைத்து, மூச்சு இங்கே படட்டும் என்பேன். முதல் வாரம் வெறும் காற்று. இரண்டாம் வாரம் 'ப்பா'. மூன்றாம் வாரம் என்னவோ ஒன்று வந்தது, ஆட்டை அறுப்பதுபோல. வெளிக்கதவுக் கம்பியில் தெருப்பிள்ளைகள் முகத்தை வைத்துக்கொண்டு அதே மாதிரி கத்திக் காட்டினார்கள். நான் விரட்டவில்லை. வெட்கம் வந்தால்தான் திருத்தம் வரும். அவளுக்குக் கேட்காவிட்டாலும் கண் தெரியுமே.

எதிர்வீட்டு ராஜகனி ஒரு நாள் வந்தாள். "டீச்சர், அந்தப் புள்ளைய ஏன் இந்தப் பாடு படுத்துதிய? நெட்டக் குடுத்துட்டுப் போங்களேன்" என்றாள். "உன் பெண் எட்டாம் வகுப்பில் தமிழில் வாங்கிய மதிப்பெண் எத்தனை?" என்று கேட்டேன். போய்விட்டாள்.

ஆவணியில் முப்பத்தொரு நாளில் பதினோரு நாள்தான் கோடு விழுந்தது. மற்ற நாளெல்லாம் சுழியம். சுழியம் விழுந்த நாளில் அவள் படிக்கட்டில் வந்து உட்கார்ந்து, இருட்டிய கைபேசியைக் கைப்பிடிச் சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டு பார்த்திருப்பாள். நானும் பார்த்தும் பார்க்காததுபோல இருப்பேன். இரக்கம் இல்லாமல் இல்லை. ஆனால் இரக்கப்பட்டுத் தேர்ச்சி போட்ட பிள்ளை எது உருப்பட்டது?

தீபாவளிக்கு அவன் வந்திருந்தான். இந்த உறையைப் பாருங்கள், கணினியின்மேல் இருக்கிறதே. திருப்பூரிலிருந்து அவன் கொண்டுவந்த துணி, அவள் தைத்தது. ஓரத்தில் பூவேலை. அளவு கேட்கவே இல்லை, கண்ணால் பார்த்தே தைத்திருக்கிறாள். அவன் என் எதிரில் நின்று கையை ஆட்டி ஆட்டி என்னவோ கேட்டான். அவளைக் காட்டினான், கடிகாரத்தைக் காட்டினான், தன் நெஞ்சைக் காட்டினான். "கையைக் கட்டு" என்றேன். மரியாதைக்குச் சொல்கிறேன் என்று நினைத்தானோ என்னவோ, சிரித்துக்கொண்டே கட்டிக்கொண்டான். நல்ல உயரம். நீண்ட விரல்கள்.

என்ன தம்பி, கம்பியில் ஏதாவது தெரிந்ததா? கம்பி சரியாகத்தான் இருக்கிறதா? கார்த்திகை இரண்டாம் வாரம் வரைக்கும் கணினியும் சரியாகத்தான் இருந்தது. அதன் பிறகுதான்.

அன்று வியாழக்கிழமை. காலை பத்து நாற்பது. தொலைபேசி அடித்தது. இதோ இந்த வீட்டுத் தொலைபேசிதான், கம்பி வழியாக வருவது. அவசரத்துக்கு இருக்கட்டும் என்று வடிவு இந்த எண்ணை அவன் வேலை செய்யும் இடத்தில் கொடுத்து வைத்திருந்தாள், என்னிடம் கேட்காமலே. எடுத்தேன்.

"ஆத்தா, மாடியில இருக்குற வடிவக்காவ வெரசா வீடியோவுல வரச் சொல்லுங்க."

வணக்கம் இல்லை. பெயர் இல்லை. ஆத்தாவாம். "யார் பேசுவது?" என்று கேட்டேன்.

"பூவலிங்கத்துகூட வேல பாக்குறவன் ஆத்தா. அவன் கை கட்டிங் மிஷின்ல மாட்டிக்கிட்டு. நாலு வெரலும் தொங்குது. அசையாமப் படுத்தான்னா தச்சு ஒட்டிரலாம்னு டாக்டர் சொல்லுதாரு. இவன் என்னடான்னா வெட்டப் போறாங்கன்னு நெனச்சிக்கிட்டு யாரையும் கிட்ட விடமாட்டேங்கான். உதறுதான், கத்துதான். எழுதிக் காட்டுனா பாக்க மாட்டேங்கான். வடிவக்கா மொகத்தக் காட்டிச் சொன்னாத்தான் கேப்பான். சீக்கிரம் ஆத்தா!"

"முதலில் உங்கள் பெயரைச் சொல்லுங்கள்" என்றேன்.

"பேரு என்ன மயித்துக்கு இப்ப!" என்றான். அப்படியே சொன்னான் தம்பி, ஓர் எழுத்துக்கூட நான் கூட்டவில்லை. தொலைபேசியை வைத்துவிட்டேன்.

இருந்தாலும் நான் கல்நெஞ்சக்காரி அல்ல. உடனே எழுந்து மெயினை அணைக்கப் போனேன். அதற்குள் அவளே தடதடவென்று இறங்கி வந்துவிட்டாள். தொட்டிமேல் துணி காயப்போட ஏறியவளுக்குக் குறுஞ்செய்தி வந்து விழுந்திருக்கிறது. தலை அவிழ்ந்து, முந்தானை நனைந்து, கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள். அந்தக் கை பறந்த பறப்பை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒன்றும் புரியவில்லை. புரியத் தேவையும் இல்லை. எனக்குத்தான் விவரம் தெரியுமே.

அந்த நேரத்தில் எனக்கு ஒன்று தோன்றியது. எங்கள் பக்கத்தில் நீச்சல் எப்படிப் பழக்குவார்கள் தெரியுமா? கரையில் நின்று சொல்லிக் கொடுத்தால் பத்து ஆண்டு ஆனாலும் வராது. கிணற்றுக்குள் தள்ளிவிட்டால் பத்தே நிமிடத்தில் வந்துவிடும். நான்கு மாதம் கரையில் நின்று கற்றுக்கொடுத்துவிட்டேன். இதுதான் கிணறு. இன்றைக்கு வராவிட்டால் என்றைக்கும் வராது. நாளைக்கே அவளுக்கு ஓர் ஆபத்து என்றால் கூப்பிட ஒரு சொல் வேண்டாமா? அவள் நன்மைக்குத்தான்.

"கையைக் கட்டு" என்றேன்.

கட்டவில்லை. முதல் முறையாக என் சொல்லை மீறினாள். கணினியிடம் ஓடி உறையை இழுத்தாள். கடவுச்சொல் தெரியாதே, என்ன செய்வாள்? வெளிக்கதவுக்கு ஓடினாள். பேருந்து நிலையத்துக்குப் போகப் பார்த்தாள் போலும். பூட்டியிருந்தது. தெருநாய்த் தொல்லைக்காக எப்போதும் பூட்டித்தான் வைப்பேன், சாவி என் இடுப்பில் இருக்கும். திரும்பி வந்து என் காலில் விழுந்தாள். காலில் விழுந்தால் மொழி வந்துவிடுமா? எழுப்பி நிறுத்தினேன். அவளுடைய இரண்டு கையையும் சேர்த்து என் கையால் பிடித்துக்கொண்டேன். எழுபத்திரண்டு வயதிலும் என் பிடி தளரவில்லை என்று அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. "அ" என்றேன். "ம்" என்றேன். "மா" என்றேன்.

'ம்மா' என்று வந்தது. இல்லை, அகரம் வேண்டும். 'ஆப்பா.' இல்லை. மறுபடி. அழுகை வேறு குறுக்கே வந்து மூச்சைக் கெடுத்தது. "அழாதே, அழுதால் உச்சரிப்பு வராது" என்றேன். தொலைபேசி மறுபடி மறுபடி அடித்துக்கொண்டே இருந்தது. பாட வேளையில் நான் எதையும் எடுப்பதில்லை.

கடைசியில் வந்தது தம்பி.

"அம்மா!"

தெளிவாக, முழுதாக, அகரமும் மெய்யும் நெடிலும் அதனதன் இடத்தில். தெருவே கேட்டது. மாவுக் கையோடு ராஜகனி வாசலுக்கு ஓடி வந்து நின்றாள். எனக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது. முப்பத்தாறு ஆண்டுப் பணியில் அப்படி ஒரு சொல்லை நான் கேட்டதில்லை. இன்னும் இரண்டு முறை சொல்லச் சொன்னேன். ஒரு முறை வந்தால் தற்செயல். மூன்று முறை வந்தால்தான் கல்வி.

சொன்னாள். மூன்று முறையும் சொன்னாள். சொன்ன வாக்கை நானும் காப்பாற்றினேன். உறையை மடித்து வைத்துவிட்டு, கணினியை உடனே இயக்கினேன். ஆறு மணிக்கு இன்னும் எவ்வளவோ நேரம் இருந்தும் இயக்கினேன். விதியை நானே தளர்த்தினேன், அதை யாரும் சொல்லமாட்டார்கள். அந்தப் பாழாய்ப்போன கணினி அன்றைக்கென்று பார்த்து, புதுப்பிக்கிறேன், அணைக்காதீர்கள் என்று நீலத்திரையைக் காட்டிக்கொண்டு நின்றது. பத்து விழுக்காடு. பதினெட்டு. முப்பது. இருபது நிமிடம் ஆயிற்று. அதற்கு நானா பொறுப்பு? நீங்களே சொல்லுங்கள், இயந்திரம் தெரிந்தவர்.

நோட்டைப் பாருங்கள். எடுத்துக் காட்டுகிறேன். வியாழன். வடிவு. வந்தாள். பதினொன்று ஐம்பது.

என்ன விரல் விட்டு எண்ணுகிறீர்கள்? பத்து நாற்பதிலிருந்து எழுபது நிமிடமா? அதில் இருபது இயந்திரத்துடையது என்றேனே. கழித்துக்கொள்ளுங்கள்.

படம் வந்தது. நானும் அவள் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். கட்டிலில் கிடத்தியிருந்தார்கள். மருத்துவர்மேல் கையோங்கினான் என்று நல்ல கையைக் கட்டில் கம்பியோடு கட்டிப் போட்டிருந்தார்கள். மற்றது முழங்கை வரைக்கும் பொதிந்து கிடந்தது. இவள் திரைக்கு முன்னால் கையால் என்னென்னவோ சொல்லுகிறாள். அவன் பார்த்துக்கொண்டே கிடக்கிறான். கண்ணில் நீர் வழிகிறது. பதில் சொல்ல அவனுக்குக் கை இல்லையே. அந்த மரியாதை தெரியாத பையன் முகத்தை நுழைத்து, "எல்லாம் போச்சு ஆத்தா. ஒரு மணி நேரம் உதறுன உதறுல தொங்குன நரம்பும் அத்துப்போச்சு. வெட்டி எடுத்துட்டாக. நாலு வெரலும்" என்றான். வலது கை.

நான் என்ன சொன்னேன் தெரியுமா? ஆறுதலாகத்தான் சொன்னேன். உயிர் போகவில்லை. கண் போகவில்லை. "விரல் போனால் என்ன, வாய் இருக்கிறதே. இனிமேலாவது பேசப் பழகுவான். நீ பழகவில்லையா?" என்றேன். அவளுக்குக் கேட்காதுதான். ஆனால் என் உதட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான்கு மாதமாக நான்தானே உதட்டைப் பார்க்கக் கற்றுக்கொடுத்தேன்?

அன்று மதியமே பேருந்து ஏறிப் போய்விட்டாள். பத்து நாள் கழித்து அவள் அண்ணனோடு வந்தாள், வீட்டைக் காலிசெய்ய. தெருவில் இருக்கிறவர்களெல்லாம் கூடித் தூக்கினார்கள். தையல் இயந்திரத்தை ராஜகனியின் புருஷன் தோளில் சுமந்தான். என் வாசல் வழியாகத்தான் ஆறேழு முறை போனார்கள், வந்தார்கள். ஒருவர் வாயிலிருந்து ஒரு சொல் வரவேண்டுமே! எல்லாருக்கும் ஊமைத்தனம் தொற்றிக்கொண்டது போல.

நான் படிக்கட்டின் கீழே நின்றேன். தலை சீவி, வெளுத்த புடவை கட்டிக்கொண்டு, பள்ளி ஆண்டு விழாவுக்கு நிற்பதுபோல நின்றேன். எப்படியும் சொல்லிவிட்டுத்தான் போவாள் என்று எனக்குத் தெரியும். கற்ற சொல் நாக்கில் இருக்கும்போது எப்படிச் சொல்லாமல் போவாள்? கடைசியாக அவள் இறங்கி வந்தாள். என் எதிரில் நின்றாள். கண்ணுக்குக் கண் பார்த்தாள். சொல்லப்போகிறாள் என்று நான்கூட என் உள்ளங்கையை அவள் வாய்க்கு முன்னால் கொண்டுபோனேன், மூச்சு படட்டும் என்று.

கையைக் கட்டிக்கொண்டாள் தம்பி. நான் சொல்லிக்கொடுத்தபடியே, முழங்கை மடங்கி, விரல் தெரியாமல், அப்படியே கட்டிக்கொண்டாள். வாயைத் திறக்கவில்லை. ஒரு பாட்டுப் பாடி முடிக்கிற நேரம் அப்படியே நின்றாள். என் உள்ளங்கை காத்துக் கிடந்தது. பிறகு விலகிப் போய்விட்டாள்.

நான்கு மாதம். அடிக்குச்சி தேய நான்கு மாதம். ஒரே ஒரு சொல். அதை என்னிடம் திருப்பிச் சொல்லாமல் கொண்டுபோய்விட்டாள். இதற்குப் பெயர் என்ன? நன்றிகெட்டதனம் என்று சொல்லுங்கள். சொல்ல மாட்டீர்களா? பரவாயில்லை, கம்பியைப் பாருங்கள்.

அதன்பிறகு மகனுக்கு எல்லாவற்றையும் விரிவாக எழுதினேன். ஆறு பக்கம். அதற்குக் கட்டைவிரல்கூட வரவில்லை.

தெருவில் என்னைப் பற்றி ஏதேதோ பேசிக்கொள்கிறார்களாம். பேசட்டும். நான் பகையை மனத்தில் வைத்துக்கொள்பவள் அல்ல. பால் வாங்குகிற இடத்தில் நின்று எல்லாரும் கேட்கச் சொன்னேன்: "என் வீட்டுப் பகிர்வு இனி எல்லாருக்கும் உண்டு. ஆறு மணி முதல் ஏழு மணி வரை. கடவுச்சொல் இல்லாமல் வைக்க முடியாது என்று இயந்திரம் சொல்கிறது, ஆகையால் கதவிலேயே எழுதி ஒட்டிவிடுகிறேன்." ஒட்டியும் விட்டேன். வரும்போது பார்த்தீர்களே, கொட்டை எழுத்தில். வெளிக்கதவைக்கூட அந்த ஒரு மணி நேரம் பூட்டுவதில்லை. நாய் வந்தால் வரட்டும். இந்தத் தெருவில் நாற்பது வீடு. வீட்டுக்கு இரண்டு கைபேசி. ஒன்றிலும் எடுக்காது. படிக்கிற பிள்ளைகள் புத்தகப்பையோடு பேருந்து நிலையத்துக்கு நடந்துபோய், அங்கே நடைமேடையில் உட்கார்ந்து படிக்கிறார்கள். என் வாசலைக் கடந்துதான் போகிறார்கள். இரண்டு மாதமாக இந்த வரியில் சுழியம். சுழியத்துக்குப் பிறகு ஐந்து நிமிடம். பிறகு அணைந்துவிடுகிறது.

ஆகவே கோளாறு இயந்திரத்தில்தான். வேறு எங்கே இருக்க முடியும்?

இதோ, ஆறு மணி. தள்ளுங்கள், நானே இயக்குகிறேன். பார்த்தீர்களா, பச்சை. இணைந்துள்ளவர்கள், சுழியம். இப்போது கடிகாரத்தைப் பாருங்கள். சரியாக ஆறு ஐந்துக்கு...

என்ன? என்ன சொன்னீர்கள்? சத்தமாகச் சொல்லுங்கள். "கோளாறு ஒண்ணும் இல்லம்மா. யாரும் சேரலேன்னா அதுவா அணைஞ்சிரும். அப்படித்தான் வச்சிருக்காங்க." அப்படியா? யார் வைத்தார்கள்? யாரும் வராவிட்டால் வகுப்பு இல்லை என்று யார் முடிவு செய்தது? பிள்ளைகள் வராத மழை நாளில்கூட நான் நாற்காலியில் உட்கார்ந்து நான்கு பதினைந்துக்கு மணியடித்துவிட்டுத்தான் எழுந்திருப்பேன்.

சரி. அப்படியானால் சோதித்துவிடலாம். உங்கள் கைபேசியை எடுங்கள். சேர்ந்து பாருங்கள். ஒன்று என்று விழுந்தால் இயந்திரம் சரி என்று நானும் ஒப்புக்கொள்கிறேன். உங்கள் பெயர் இந்த இடத்தில் வந்து விழும். நோட்டு திறந்தே இருக்கிறது.

சார்ஜ் இல்லையா? சற்றுமுன்தானே மணி பார்த்தீர்கள், வெளிச்சமாக இருந்ததே. இங்கேயே போடலாம், இதோ துளை இருக்கிறது. வேறு வீட்டுக்குப் போகவேண்டுமா? போகலாம். ஐந்தே நிமிடம். நான் உங்களை 'அம்மா' என்று சொல்லச் சொல்லவில்லையே, நீங்கள்தான் வார்த்தைக்கு வார்த்தை அம்மா அம்மா என்கிறீர்கள். எவ்வளவு இயல்பாக வருகிறது உங்களுக்கு. வந்ததிலிருந்து எத்தனை முறை சொல்லிவிட்டீர்கள் என்று எண்ணிக்கொண்டுதான் இருந்தேன். ஒன்பது.

பையை எடுத்துவிட்டீர்களா? காப்பி போடலாம் என்றிருந்தேனே. சரி. போகும்போது போய் வருகிறேன் என்று சொல்லிவிட்டுப் போவது வழக்கம். தலையை ஆட்டாதீர்கள். தலையாட்டுவது மாட்டுக்கு. தம்பி. பரமகுரு. கையை வீசிவிட்டுப் போகிறீர்களே, வாயில்லையா உங்களுக்கு? ஒரு சொல்தானே...

கதவைச் சாத்தாதீர்கள். திறந்தே இருக்கட்டும். ஏழு மணி வரைக்கும் யாராவது வரலாம்.